அறுபத்து நாலு சென்டிமீட்டர் தலை

என் செல்ல மகளுக்கு,

உன் சித்தப்பா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே சித்தி சுகம், சைக்கிள் சுகம், ஏணி சுகம், என் தலை மட்டும் முக்கால் சுகம். பதறாமல் மேலே படி.

நீ அனுப்பிய இரண்டு ஹெல்மெட்டும் ஒரே நாளில் வந்தன. உன் மாமனுக்கு மஞ்சள், எனக்கு வெள்ளை. மஞ்சள் ஏன் அவனுக்குப் போனது என்று நான் கேட்கவில்லை, கேட்கிற ஆளும் நான் இல்லை, ஆனாலும் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது யார் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார். கட்டடத்தில் ஒயர் இழுக்கும்போது போடத்தானே கொடுத்தாய், அவன் டீக்கடைக்கும் போட்டுக்கொண்டு போகிறான். "என் அக்கா பொண்ணு அனுப்பினது, தச்சு வச்ச மாதிரி இருக்கு பாருங்க" என்று எல்லோர் முன்னாலும் தலையை ஆட்டிக் காட்டுகிறான், அது இம்மி அசையவில்லை. என் வயிறு எரிந்தது, உன்னிடம் மறைப்பானேன்.

என்னுடையது அசைந்தது. பின்னால் உள்ள திருகைக் கடைசிவரை திருகியும் புருவத்துக்கு இறங்கியது. உள்ளே துண்டை மடித்து வைத்தேன். தாடைப் பட்டையும் தொளதொள என்று தொங்கியதால் மாட்டாமல் விட்டேன். குற்றம் உன் மேல் இல்லை. நெற்றியைச் சுற்றி அளந்து எழுதுங்கள் என்று நீ கேட்டபோது மாமன் முந்திக்கொண்டு ஐம்பத்தெட்டு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். அவனைவிடக் குறைத்து எழுத எனக்குக் கை வரவில்லை. டேப்பைத் தொடாமலே அறுபத்து நாலு என்று எழுதினேன்.

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி மாடிப்படிச் சுவருக்கு ஏணியில் நின்று இரண்டாவது கோட்டிங் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன், நான் அடித்தால் சுவரில் முகம் பார்க்கலாம் என்று பெரிய டாக்டரே சொல்லியிருக்கிறார். அண்ணாந்தபோது ஹெல்மெட் கண்ணை மறைத்தது, தூக்கிவிட ஏணியிலிருந்து கையை எடுத்தேன், இருபது அடி உயரத்திலிருந்து விழுந்தேன். சித்தி பக்கத்தில் நின்று படித்துவிட்டு "நாலு படின்னு எழுதுங்க" என்கிறாள், சரி, நாலு படி. ஹெல்மெட் எனக்கு முன்னால் உருண்டு போனது, தலை கைப்பிடிக் கம்பியில் மோதியது. கீழே ஒயர் இழுத்துக்கொண்டிருந்த மாமன் ஓடி வந்து, என்னை எழுப்பப் பார்த்தவர்களிடம் "தூக்காதீங்க, ஆட்டாதீங்க" என்று அதட்டி, டாக்டர் வரும்வரை என் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டான். எல்லோரும் அவனைத்தான் பாராட்டினார்கள். விழுந்தவன் நான்.

தையல் ஏழு, அது கிடக்கட்டும். டாக்டர் கிழமை கேட்டார், சொன்னேன். பிள்ளைகள் உண்டா என்றார், ஒரு மகள், அண்ணன் மகள்தான் ஆனால் என் மகள் என்றேன். பேர் என்ன என்றார். வரவில்லை. உன் முகம் வருகிறது, ரெட்டைச் சடை வருகிறது, பேர் வரவில்லை. மாமன்தான் எடுத்துக்கொடுத்தான். உனக்குப் பேர் தேடி வைத்தவன் நான், அதை அவன் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டேன் மகளே. ஏழு தையலும் வலிக்கவில்லை, அதுதான் வலித்தது. சாயங்காலம் எல்லாம் சரியாகிவிட்டது, இப்போது சமையலறையில் நின்று உன் பேரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் போனது திரும்பாமலே போகலாம் என்றார் டாக்டர். "லூசா இருந்தா அது ஹெல்மெட் இல்ல, தொப்பி" என்றும் சொன்னார். அவர் சரி என்று சொல்லும்வரை ஏணி கிடையாது. சுவரை வேறு ஆள் முடிக்கிறான், அதில் முகம் தெரியாது.

நீயும் வண்டி எடுக்கும்போது பட்டையை மாட்டு, தாடைக்கும் பட்டைக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் இடம் இருக்கக் கூடாது. குளியலறையில் ரப்பர் விரிப்பு போடு, நான் போட்டுவிட்டேன், மாமன் வீட்டில் இன்னும் போடவில்லை.

நூறு வருஷம் நல்லபடியாக இரு. ஒரு ஞாபகம். சித்தி தையல் டேப்பால் மூன்று தரம் அளந்தாள், ஐம்பத்தைந்து. அந்த அளவிலேயே ஒன்று அனுப்பு. ஆனால் பெட்டி மேல் எண்ணை எழுதாதே, பார்சல் வந்தால் பிரிப்பது உன் மாமன்தான்.

உன் பேரை மறக்காத,
சித்தப்பா