நீ போட்ட பூட்டு

காலையில் தெருவில் பழைய பித்தளை வாங்குகிறவன் கூவிக்கொண்டு போனான். ஓட்டைச் சொம்பு ஒன்றைப் போடலாம் என்று பரண் பெட்டியைக் கிளறியபோது அந்தப் பூட்டு கையில் சிக்கியது. விரலை முந்தானையில் துடைத்தும் அந்தப் பித்தளை வாடை போகவில்லை.

உன்னை 'நீ' என்றுதான் எழுதப்போகிறேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து 'ஏங்க', 'வாங்க' என்று வாய் வலிக்கச் சொல்லியாகிவிட்டது. இனிமேல் உனக்கு மரியாதை கொடுக்க எனக்கு மனசில்லை.

தேரடித் தெரு லாட்ஜில் நீ மேனேஜர். ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் 'வாங்க, உக்காருங்க, வெந்நீர் வேணுமா' என்பாய். இரண்டாம் தாரமாக வந்த எனக்கு 'ஏய்', இல்லாவிட்டால் 'டி'. தினமும் லாட்ஜுக்குக் கிளம்பும்போது என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவாய். சின்ன வயசுப் பெண்டாட்டி, ஊர் முழுக்க வெளியூர் ஆட்கள் என்று அக்கம்பக்கத்தில் நியாயம் வேறு சொன்னாய். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பயமாக இருக்கிறது, திறந்துவிடுங்கள் என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். நீ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தெருமுனை திரும்பிவிடுவாய்.

லாட்ஜில் உன்னை வேலையிலிருந்து நிறுத்திய பிறகு வீட்டில் அடுப்பெரிய வழியில்லை. அப்போது சத்துணவு வந்த புதிது. பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை கிடைத்தது. கண்ணெல்லாம் புகைதான், ஆனாலும் கதவைத் தாண்டி நடந்துபோகிற அந்தச் சந்தோஷத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தயாராயில்லை.

ஒருநாள் வேலை முடிந்து உள்ளே வந்ததும் 'வாங்க, உக்காருங்க' என்றாய். பைத்தியக்காரி, பூரித்துப்போனேன். வயசான காலத்திலாவது மனுஷனுக்குப் புத்தி வந்ததே என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமையடித்தேன். மறுநாள், 'ரூம் எத்தினி பேருக்குங்க?' என்று என்னைக் கேட்டாய். அப்போதுதான் உறைத்தது, உனக்கு நான் யாரென்றே தெரியவில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தவர்களை வீட்டுக்குள் கூட்டிவந்து உட்காரவைத்திருக்கிறாய். வெந்நீருக்கு மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எங்கேயோ கிளம்பியும் விட்டாய். கொடியில் கிடந்த புடவையில் தீப்பிடித்து, அந்த வெளியூர்க்காரர்கள்தான் அணைத்தார்கள். உன்னை அடி அண்ணாமலைப் பக்கம் கண்டுபிடித்தபோது காலில் செருப்பில்லை, உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்.

இனி உன்னைத் தனியே விட முடியாது. ஒன்று நான் வேலையை விட வேண்டும், இல்லை உன்னைப் பூட்ட வேண்டும். எனக்கு வேலை வேண்டும். அக்காவும், "பூட்டிட்டுப் போடி. அவரு உனக்குப் பண்ணாததா?" என்றாள்.

மறுநாள் அடுப்பை அவள் வீட்டில் வைத்துவிட்டு, உனக்குச் சோறும் தண்ணீரும் எடுத்துவைத்து, அதே பூட்டை வெளியே மாட்டினேன். சொன்னால் என்ன, நன்றாகவே இருந்தது. படி இறங்கும்போது நீ ஜன்னலுக்கு வந்தாய்.

"ஏம்மா, கொஞ்சம் தெறந்து வுடுங்க. எங்க வீட்டுக்காரி வர்ற நேரம். அவளுக்குப் பூட்டுன கதவுன்னா ரொம்பப் பயம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்படியானால் நான் கெஞ்சியதெல்லாம் உன் காதில் விழுந்திருக்கிறது. பயப்படுகிறாள் என்று தெரிந்தேதான் தினமும் பூட்டியிருக்கிறாய்.

திறந்துவிட்டேன். பாவம் பார்த்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உள்ளே இருப்பது எப்படி என்று தெரிந்தவளுக்குப் பூட்ட வரவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கே வேலையை விட்டேன். அதற்கும் சேர்த்து உன்னை வெறுத்துக்கொண்டு, கடைசி வரைக்கும் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீயும் கடைசி வரைக்கும் 'வாங்க' என்றுதான் சொன்னாய்.

பூட்டைச் சொம்போடு சேர்த்துப் போட்டுவிட்டேன். அன்றைக்கு அதைக் கழற்றியதிலிருந்து வேறு பூட்டு வாங்கவில்லை. கடைக்குப் போனால் கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போகிறேன். திருடன் வந்தால் வரட்டும். அவளுக்குப் பயம் என்றாயே, என்னைப் பற்றி நீ அக்கறையாகச் சொன்ன ஒரே பேச்சு அது. அதையும் யாரோ ஒருத்தி என்று நினைத்துத்தான் என்னிடம் சொன்னாய்.