மினுங்கும் பஸ்பம்

என் செல்ல மருமகளே,

உலகில் ஒருவராலும் நம்பமுடியாத கதையொன்றை உன் மாமனாகிய நான் தலையிலடித்துச் சத்தியம் செய்து சொல்கிறேன்.

முட்டிவலிக்கு வைத்தியர் தந்த பஸ்பத்தை இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். வலி பறந்தது. நேற்று ஒரு பேருந்தையே ஓடி முந்தினேன்; ஓட்டுநர் அழுதுவிட்டார்.

ஆனாலும் வைத்தியர் மேல் எனக்குச் சந்தேகம். ஒழுங்காகப் புடம்போட்ட பஸ்பம் தண்ணீரில் மிதக்கும், மினுங்காது என்று சொன்னவர் அவர்தான். கிண்ணத்துத் தண்ணீரில் தூவினேன், மூழ்கியது. வெயிலில் வைத்தேன், வைர வியாபாரிகள் வாசலில் வரிசை கட்டுமளவு மினுங்கியது.

போய்க் கேட்டேன்.

"அது மருந்தோட தேஜஸ்ங்க!"

"மிதக்கலையே?"

"உங்க வீட்டுத் தண்ணி சரியில்ல."

உன் அத்தை சிரிக்கவில்லை. "டம்ளர் கையிலேர்ந்து விழுறதையும் எழுதுங்க" என்கிறாள். டம்ளர் வழுக்குகிறது, அவ்வளவுதான்.

உலோக மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில்தானே இருக்கிறாய்? பொட்டலத்தை இதோடு ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஈயமா, பாதரசமா, பார்த்துச் சொல்.

பேருந்தும் வைர வியாபாரிகளும் என் கைச்சரக்கு. டம்ளர் விழுவது நிஜம். அது வழுக்கவில்லையம்மா, கை நடுங்குகிறது. நாளை நேரில் வருகிறேன், என் ரத்தத்தையும் எடுத்துப் பார்.

உன்
புளுகுமூட்டை மாமன்