பன்றிக்கால் போடாத காராமணி

மாரெங்கோ கவுண்டி, அலபாமா
ஞாயிற்றுக்கிழமை, 24 ஜனவரி 1988

என் அன்பு மகன் வெண்டலுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் காலையில் எழுப்பிவிடுகிறார், நானும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அந்தக் கப்பலில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் புதன்கிழமை வந்தது. தபால்பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று படித்தேன், குளிரில் விரல் மரத்துப்போனதுகூடத் தெரியவில்லை. அப்பாவின் அடக்கத்துக்கு வர முடியவில்லை என்பதற்காக நீ ஒரு பக்கம் முழுக்க மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். நடுக்கடலில் இருக்கிறவன் எப்படி வருவான், அதை இங்கே யாரும் தப்பாகப் பேசவில்லை. பெட்டியைத் தூக்க உன் இடத்தில் சபையிலிருந்து ஆள் நின்றார்கள், உன் பெயரைப் போதகர் இரண்டு தரம் சொன்னார். கடைசியில் நீ எழுதியிருந்த அந்த இரண்டு வரிக்குத்தான் என்ன பதில் எழுதுவது என்று நாலு நாளாக யோசித்தேன். கிறிஸ்துமஸ் அன்று போனில் நான்தானே அப்பா கேட்கிற பன்றிக்காலைக் கொடுக்காதே என்று சொன்னேன், அதனால்தான் கொடுக்கவில்லையா, அப்பாவின் கடைசி நாட்களை ஒன்று விடாமல் எழுது என்று கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன். இங்கே யாரிடமும் இதை முழுதாகச் சொல்லவில்லை. சபையில் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாய் என்கிறார்கள், நான் தலையை ஆட்டிவிட்டு வருகிறேன்.

போன மார்ச்சில் இதயக் கோளாறுக்குப் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவைக் கூட்டிவந்த நாள் முதல் வீட்டில் உப்பு டப்பா மேல்தட்டுக்குப் போய்விட்டது உனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷம் இழுவைப்படகில் பன்னிரண்டு பேருக்கு மூன்று வேளை ஆக்கிப்போட்ட மனுஷனுக்கு அவித்த கோழியும் உப்பில்லாத கீரையும் போட்டுப் பார், அவர் முகம் எப்படி இருந்திருக்கும். ஆனாலும் வாய்தான் பேசும், தட்டைக் காலி செய்துவிடுவார். டிசம்பரில் கால் இரண்டும் மறுபடி வீங்க ஆரம்பித்தது, அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கும். உப்பு, பன்றி, புகைபோட்டது எதுவும் கிட்டே வரக்கூடாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அந்தச் சமயத்தில்தான் நீ கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணினாய். வருஷம் நல்லபடியாகப் போக வேண்டுமென்று புத்தாண்டுக்கு ஆக்குகிற காராமணியில் பன்றிக்கால் போடச் சொல்லி அப்பா உன்னிடமே சிபாரிசுக்கு வந்தார் இல்லையா, நீ சிரித்துக்கொண்டே, அம்மா டாக்டர் சொன்னதக் கேளு, அவரு கெஞ்சினாலும் விட்டுறாதம்மா என்று சொன்னாய். நீ போனை வைத்த பிறகு அவர் என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியாது. கோபப்படவே இல்லை. தொடையில் தட்டிச் சிரித்து, பாருடி, உலகத்துக்கு அந்தப் பக்கம் கப்பல்ல நின்னுக்கிட்டு என் பானைக்குக் காவல் போடுறான், அசல் என் புள்ளதான் என்றார். தபால்காரரிடம் சொன்னார், மருந்துக்கடையில் சொன்னார், அந்த வாரம் முழுக்க பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் நீ சொன்ன சொல்லை நீ பாரமாகத் தூக்கிச் சுமக்காதே. அது அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

என் சங்கதி வேறு. புத்தாண்டு அன்று வெள்ளிக்கிழமை, மழைத்தூறல். போன வருஷம் வரைக்கும் அந்த நாளில் நம் அடுப்பில் நான் கை வைத்தது கிடையாது, சபை முழுக்கச் சாப்பிடுகிற மாதிரி அந்தப் பெரிய பானையில் அவரே வைப்பார், நான் சோள ரொட்டியோடு சரி. இந்த வருஷம் நாங்கள் இரண்டே பேர், ஒரே ஒரு கப் காராமணி ஊறப்போட்டேன். நாற்காலியைச் சமையல்கட்டு வாசலில் போட்டுக்கொண்டு, வீங்கின காலை முக்காலிமேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்து பானையை எட்டிப் பார்த்தார். என்னடி இது, பறவைக்கு வைக்கிறியா என்றார். ரெண்டு பேருக்கு இது போதும் என்றேன். பன்னிக்கால் எங்க என்றார். டாக்டர் வீட்ல இருக்கு என்றேன். அப்ப டாக்டரயே தூக்கிப் பானையில போடு, கொழுப்பு அவருக்கும் கொஞ்சம் இருக்கு என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெங்காயம், குடைமிளகாய், செலரி, நாலு பல் பூண்டு, பிரிஞ்சி இலை, காய்ந்த மிளகாய் ஒன்று எல்லாம் போட்டேன், கோழி வேகவைத்த தண்ணீரை ஊற்றினேன், அவர் செய்கிற மாதிரி கடைசியில் கொஞ்சத்தைக் கரண்டியால் பானை ஓரத்தில் நசுக்கிக் குழம்பைக் கெட்டியாக்கவும் செய்தேன். கொல்லார்ட் கீரையும் சோறும் வைத்துக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தேன். ஜெபம் பண்ணினார். ஒரு வாய் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். இது காராமணி இல்ல எர்லீன், காராமணி குளிச்ச தண்ணி என்றார். எனக்காக இன்னும் மூன்று கரண்டி சாப்பிட்டார். அப்புறம் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு ஃப்ரீசர் பக்கம் பார்த்தார். இமோஜீன் அத்தை நவம்பரில் கொண்டுவந்து கொடுத்த புகைபோட்ட பன்றிக்கால் ஃப்ரீசரில் அடியில் கிடந்தது, நான் ஒளித்து வைத்தது அவருக்குத் தெரியும், தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஒரே ஒரு துண்டு எர்லீன், இன்னிக்கு மட்டும் என்றார். விளையாட்டுக் குரலில்லை. நான் துடைத்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைக்காமலே, அடுத்த வருஷம் பாக்கலாங்க என்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா வெண்டல். சரி என்றார். அவ்வளவுதான். முப்பத்தாறு வருஷத்தில் அந்த மனுஷன் எந்த விஷயத்துக்கும் ஒரு சொல்லில் சரி என்று விட்டுக்கொடுத்ததே இல்லை, ஜன்னல் திரை நிறத்துக்குக்கூட மூன்று நாள் வாதாடுவார். கத்தியிருந்தால், கிண்ணத்தைத் தள்ளிவிட்டிருந்தால் இன்றைக்கு நான் நிம்மதியாக இருப்பேன்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை காலையில் காபி குடித்தார், நன்றாகத்தான் பேசினார், ட்ரக்கின் பாட்டரியைப் பார்க்க வேண்டும் என்று ஷூ போட உட்கார்ந்தார். கால் உள்ளே போகவில்லை. உள்ளே போய்ச் செருப்பு எடுத்து வருகிறேன் என்று போனேன். கட்டிலுக்கடியில் ஒன்றுதான் இருந்தது, இன்னொன்றைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவர் போய்விட்டார். ஷூவின் நாடா கையில் அப்படியே இருந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை, அவர் கஷ்டப்படவில்லை, அதை நான் சத்தியமாகச் சொல்லுவேன்.

அடக்கம் சனிக்கிழமை. படகு ஆட்கள் ஒன்பது பேர் வந்தார்கள், கறுப்பரும் வெள்ளைக்காரரும், ஒருவர் மொபீல் நகரத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்திருந்தார், உன் அப்பா பெயரைச் சொல்லி, ரூஃபஸ் கையால் சாப்பிட்ட பிறகு என் வீட்டுச் சாப்பாடு எனக்குப் பிடிக்காமலே போயிற்று என்று அவர் தன் மனைவி பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார், அந்த அம்மாளும் ஆமாம் என்றாள். பாடகர் குழு நன்றாகப் பாடியது. திரும்பி வந்து வீட்டில் எல்லாரும் சாப்பிடும்போதுதான் அது நடந்தது. புத்தாண்டன்று என்ன சாப்பிட்டார் என்று போதகரின் மனைவி சும்மா கேட்டாள், நானும் மறைக்கத் தெரியாமல் அவர் கேட்டதையும் நான் கொடுக்காததையும் சொல்லிவிட்டேன். உன் அத்தை கையிலிருந்த தட்டை வைத்தாள். என் அண்ணனுக்கு ஒரு எலும்புத்துண்டு குடுக்க மனசு வரலயா எர்லீன், நான் குடுத்தத எனக்கே திருப்பிக் குடுத்திருந்தா நான் ஆக்கிக் குடுத்திருப்பேனே, சாகப்போறவன் கேட்டத இல்லன்னு சொல்ல உனக்கு எப்படி வாய் வந்துச்சு என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை அண்ணி என்று மட்டுமே கூப்பிட்டவள், அன்று பெயரைச் சொன்னாள். மற்றவர்கள் அவளைச் சமாதானப்படுத்தி வெளியே கூட்டிப் போனார்கள். என் பக்கம் நியாயம் என்று என்னிடம் சொன்னார்கள். நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது.

அடுத்த வியாழக்கிழமை மீதி மருந்தையும் இரத்த அழுத்தம் பார்க்கிற கருவியையும் திருப்பிக் கொடுக்க டாக்டரிடம் போனேன். அன்று ஒரு துண்டு கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை, கேட்டுவிட்டேன். நல்ல மனுஷன், என் தோளைத் தொட்டுத்தான் சொன்னார், மனச வருத்திக்காதீங்கம்மா, அவர் இதயம் இருந்த நிலைமைக்கு ஒரு துண்டு தின்னிருந்தாலும் ஒண்ணுதான், தின்னாட்டியும் ஒண்ணுதான், அந்த வாரத்தத் தாண்டியிருக்க மாட்டாரு என்றார். அவர் ஆறுதலுக்காகச் சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து ட்ரக்கில் ஏறினேன், இருக்கை அப்பாவின் நீளக் காலுக்குத் தள்ளிவைத்தபடியே இருந்தது, வரும்போது நுனியில் உட்கார்ந்துதான் பிரேக்கை எட்டினேன், முன்னால் இழுக்க மனம் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கொடுத்திருந்தால் அன்றைக்கே செத்திருப்பார் என்று டாக்டர் சொல்லியிருந்தால்கூட எனக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்திருக்கும். ஒன்றுக்கும் ஆகாமல் அல்லவா இல்லை என்று சொல்லியிருக்கிறேன். பார் மகனே, உனக்குச் சொல்வதற்கு அப்பா ஒரு நல்ல வார்த்தையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். எனக்குச் ‘சரி’ என்ற அந்த ஒரு சொல்லைத்தான் விட்டுப் போனார். இதற்கு நீ ஆறுதல் எழுத வேண்டாம், எழுதினால் நான் படிக்கிறேன், ஆனால் எழுத வேண்டும் என்றில்லை.

நேற்று சனிக்கிழமை காலையில் என்ன தோன்றியதோ, அந்தப் பன்றிக்காலை எடுத்துப் பனி இளகப்போட்டேன். முதலில் அதைத் தனியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் சிறுதீயில் கொதிக்கவிட்டேன், வீடு முழுக்கப் புகைவாசம் பரவியதும் ஒரு நிமிஷம் அவர் படகிலிருந்து திரும்பி வந்தமாதிரியே இருந்தது, துணிமணியெல்லாம் அந்த வாசம் அடிக்கத்தானே வருவார். அப்புறம் ஒரு கப் காராமணி, வெங்காயம் வகையறாக்களைப் பன்றிக்கொழுப்பில் வதக்கிப் போட்டேன். ஒரு கப்புக்கு எத்தனை வெங்காயம் என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை, அவர் கணக்கெல்லாம் படகுக் கணக்கு. வெந்ததும் பன்றிக்காலை எடுத்து எலும்பைக் கழற்றி இறைச்சியைப் பிய்த்துத் திரும்பப் போட்டேன். ஒரு கிண்ணம் எனக்கு ஊற்றி மேசையில் வைத்தேன், கரண்டியைத் தூக்க முடியவில்லை. கிண்ணத்தைப் பானையிலேயே திரும்பக் கொட்டி, மூடி, துண்டில் சுற்றி, ட்ரக்கில் வைத்துக்கொண்டு உன் அத்தை வீட்டுக்குப் போனேன். அடக்கத்துக்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. கதவைத் திறந்தவள் உள்ளே வாங்க என்று கூப்பிடவில்லை, நான் பானையை நீட்டினேன். வாசம் வந்ததும் அவள் முகம் மாறிவிட்டது. வழியை விட்டு நகர்ந்தாள்.

சமையல்கட்டில் எதிரெதிராக உட்கார்ந்தோம். ஒரு வாய் போட்டு மெதுவாக மென்றாள். இதுல உப்பே இல்ல அண்ணி என்றாள். நான் ருசி பார்த்தேன், உண்மைதான். பன்றிக்காலில் இருந்த உப்பு தவிர ஒரு சிட்டிகைகூட நான் போட்டிருக்கவில்லை, பத்து மாதத்தில் என் கைக்கு அது மறந்தே போயிருக்கிறது, அந்த மேல்தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் எழுந்துபோய் உப்பு டப்பாவைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தாள், ஆனால் இரண்டு பேருமே அதைத் தொடவில்லை. அண்ணன் அன்னிக்கு நீங்க குடுத்தத எவ்வளவு தின்னாரு என்று கேட்டாள். நாலு கரண்டி என்றேன். இதே மாதிரியா இருந்துச்சு என்றாள். இதவிட மோசம், காராமணி குளிச்ச தண்ணின்னாரு என்றேன். அவள் அவர் சிரிக்கிற மாதிரியே வாயைத் திறந்து சிரித்தாள், பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது, முகத்தை ஏப்ரனில் மூடிக்கொண்டாள். நான் எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னை மன்னித்தாளா என்று தெரியாது, நான் கேட்கவில்லை, அவள் சொல்லவுமில்லை. பானை காலியாகும் வரைக்கும் உட்கார்ந்து சாப்பிட்டோம். கிளம்பும்போது பானையைக் கழுவித் துடைத்துக் கையில் கொடுத்தாள், பாத்து ஓட்டுங்க அண்ணி, ரோடு வழுக்குது என்றாள்.

வேறு செய்தி என்றால், பின்பக்கக் குழாய் உறைந்து வெடித்துவிட்டது, நம் சபை டீக்கன் ஹோசியா வந்து சரிசெய்து கொடுத்தார். சபைப் பெண்கள் கொண்டுவந்த கேக் ஏழு இருக்கிறது, வருகிறவர்களுக்கெல்லாம் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் கோட்டை யாருக்கும் கொடுக்கவில்லை, உனக்குத் தோள் சரியாக வரும். இஞ்சின் அறைச் சூட்டிலிருந்து நேராகக் குளிர்காற்றில் வந்து நிற்காதே, ஈரச் சாக்ஸோடு படுக்காதே. அத்தைக்கு நாலு வரி எழுதிப்போடு, கோபமாக எதுவும் எழுதிவிடாதே, அண்ணனை இழந்தவள்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, தண்ணீர்மேல் உன்னைத் தாங்குவாராக. அப்பா கடைசிவரைக்கும் உன்னைப் பற்றிப் பெருமையாகவே பேசினார் என்பதை மட்டும் மறக்காதே. மே மாதம் விடுப்பு உறுதியானதும் தேதியை எழுது, கூடவே கப்பல் நண்பர்கள் யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு வா. ஒரே ஒரு கப் ஊறப்போடுவது என் கைக்குப் பழகிப்போவதற்குள் வந்துவிடு.

உன் அம்மா,
எர்லீன் ஸ்டால்வர்த்