அவர் விலகவில்லை

அண்ணா,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நம் தடுப்பூசிச் சோதனையில் சேர்ந்த தையல்காரம்மாவை இன்று பார்க்கப் போனேன். ஊசி போட்ட ஒன்பதாம் நாள் வலது கால் மரத்துப்போனதாக அவர் சொன்னதை எழுதி, தலைமை டாக்டர் நீ என்பதால் உன் மேசையில்தான் வைத்தேன். ஃபைலில் பார்த்தால் "சொந்த விருப்பத்தில் விலகிவிட்டார்" என்று இருக்கிறது. கீழே உன் கையெழுத்து.

அவர் விலகவில்லை அண்ணா. மிஷினை மிதிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"நீ சொன்னேன்னுதாம்மா கையை நீட்டினேன். டாக்டர் ஏன் எட்டிக்கூடப் பாக்கல?" என்றார். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஊசிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தானே சோதனை? இந்த ஊசி தடுக்க வேண்டிய அதே காய்ச்சலில் நம் தம்பி போனபோது நீயும் நானும் ஆஸ்பத்திரியில் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம். மருந்து சீக்கிரம் வர வேண்டும் என்ற அவசரம் எனக்கும் உண்டு. அவனைச் சாக்காக வைத்துப் பொய் எழுதாதே.

அவரை வண்டியில் ஏற்றி நரம்பு டாக்டரிடம் சேர்த்துவிட்டேன். நான் எழுதிய குறிப்பின் நகல் சோதனையைக் கண்காணிக்கும் குழுவுக்குப் போய்விட்டது. இரண்டு நாளில் உன்னைக் கூப்பிடுவார்கள்.

அதற்குள் நீயாகப் போய்ச் சொல்லிவிடு. கோபம் துளியும் குறையவில்லை. ஆனாலும் இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன்.

இன்னமும்
உன் தங்கைதான்