ஆபீஸ் படிக்கு மேலே ஒரு வாக்கியம்

லுக்குட்,
சனிக்கிழமை.

அன்புமிக்க ஃபாரூக் பாய் அவர்களுக்கு, வீரமுத்து எழுதுவது. இங்கு நலம். பினாங்கில் நீங்களும் மகள் ருமைசாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எழுத உட்கார்ந்தால் எதையாவது விட்டுவிடுவேன் என்ற பயத்தில், சொல்லப் போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. உங்கள் ஆங்கில மரபுத்தொடருக்கு வாக்கியம் எழுதத் தாமதமானது ஏன்.
2. தோட்டத்துக் கேட்.
3. இப்படிப்பட்ட காரியங்களுக்கு நான் ஏற்றவன் அல்ல, அதற்கான காரணங்கள்.
4. உங்கள் உடம்பு.

முதலாவது. இந்த முறை "டேக் தி புல் பை தி ஹார்ன்ஸ்" என்று அனுப்பியிருந்தீர்கள். காளையைக் கொம்பில் பிடிப்பது, அதாவது வந்த கஷ்டத்துக்கு ஒதுங்காமல் நேரே போய் நிற்பது. பொருளில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து ஒருவர் தொடர் அனுப்ப, மற்றவர் அதை வைத்து வாக்கியம் எழுதும் நம் விளையாட்டுக்கு ஒரு சட்டம் உண்டே. வாக்கியத்தில் இலக்கணம் சரியாக இருந்தால் போதாது. அது எழுதியவனுக்கு நடந்ததாகவும் இருக்க வேண்டும். நான் முதலில் எழுதியது என் மகள் ரோகினியைப் பற்றி. "கிராணியாரே, பேருல மட்டும் வீரத்தை வச்சிக்கிட்டு, மகளை மாட்டுக்கு முன்னால தள்ளுறீங்களே" என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். சிரித்தேன். அதன் பிறகு எவ்வளவு யோசித்தும், இந்த வயது வரைக்கும் எனக்கென்று ஒரு வாக்கியம் அகப்படவில்லை.

இரண்டாவது. தோட்டத்தை வாங்கிய புதிய கம்பெனி, செம்பனைக் குலைகள் திருடு போகின்றன என்று சாலையை மறித்து இரும்புக் கேட் போட்டிருக்கிறது. பொழுது சாய்ந்ததும் பூட்டிவிடுகிறார்கள். ஜாகாவிடம் சாவி கிடையாது. அவர் காவலுக்கு மட்டும்தான். ரோகினி சுங்கை காடுட் தொழிற்சாலையில் பிற்பகல் ஷிப்டு. திரும்பி வந்து, மோட்டார் சைக்கிளை வெளியே போட்டுவிட்டு, கேட்டைச் சுற்றி டார்ச்சுடன் செம்பனைக்குள் தனியாக நடக்கிறாள். போன வாரம் காட்டுப்பன்றி குறுக்கே ஓடியதில், அவள் பள்ளத்தில் விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. இந்த மாதத்தோடு வேலையை விட்டுவிடுகிறேன் அப்பா என்கிறாள். அவள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

லோரி ஓட்டும் யோகேந்திரன், பூட்டை உடைத்துவிடுவோம் லா என்றான். போலீஸ் வரும் என்று தடுத்து, இன்று காலை லயத்து வீடுகளில் குடியிருக்கும் ஆட்கள் எல்லோரையும் ஆபீசுக்கு அழைத்துப் போனேன். அங்கேதான் தவறு நடந்தது. நாங்கள் யாரும் படி ஏறவில்லை. முன்பு காலைப் பெரட்டுக்கு ஆட்கள் வரிசையாக நின்று பெயர் கொடுத்த அதே இடத்தில், துரை கூப்பிடட்டும் என்று நின்றோம். யாரும் சொல்லிக் கொடுத்து நிற்கவில்லை. கால் தானாக நின்றது. வெயில் ஏறிய பிறகு மேனேஜர் வெளியே வந்தார். இளைஞர், ஜொகூர்க்காரர். எங்களைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார். நாங்களும் கையசைத்தோம். அவர் வண்டி ஏறிப் போய்விட்டார்.

திரும்பி வரும் வழியில் மாரியம்மா, ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பழைய ஆள், "ஏன் கிராணியாரே, தொரைக்கு டாட்டா காட்டத்தான் இம்புட்டுப் பேரும் போனமா?" என்று கேட்டார். யோகேந்திரன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கணக்கெழுதும் கிராணியாக ஆபீசுக்கு உள்ளே உட்கார்ந்து அந்த வரிசைக்குப் பெயர் எழுதியவன் நான். நானும் கீழேதான் நின்றேன்.

மூன்றாவதை நாளை எழுதுகிறேன். காரணங்கள் நிறைய இருக்கின்றன.

திங்கட்கிழமை.

பாய், நேற்று எழுதவில்லை. இன்று காலை தனியாக ஆபீசுக்குப் போனேன். படியருகே கால் மறுபடியும் நின்றது. உள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடவும் மாட்டார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. ஏறினேன்.

மேனேஜர் எழுந்து, "பாக்சிக், உட்காருங்கள்" என்று பெரியவருக்குரிய மரியாதையோடு நாற்காலி காட்டினார். சனிக்கிழமை நாங்கள் பஸ்ஸுக்காக நிற்கிறோம் என்று நினைத்தாராம். மலாயில் வரிசையாகச் சொல்ல மனப்பாடம் செய்திருந்தேன். வரிசை குழம்பி, கடைசியில் சொல்ல வேண்டிய பன்றியை முதலில் சொல்லிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட் விஷயம் தலைமை ஆபீஸின் முடிவு, தன்னால் ஆகாது என்றார். முன்பென்றால் நன்றி சொல்லி எழுந்திருப்பேன். சரி, அவர்களைக் கேட்டுச் சொல்லுங்கள், அதுவரை இங்கேயே இருக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு அவரும் போகவில்லை, நானும் போகவில்லை. போன் மேல் போன் போட்டார்.

கடைசியில் தலைமை ஆபீஸ் இறங்கி வந்தது. இனி ஒரு சாவி ஜாகாவிடம் இருக்கும், ஷிப்டு முடிந்து வருபவர்களுக்குத் திறந்துவிடுவார். தற்காலிக ஏற்பாடுதான், பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். பார்க்கட்டும். நிரந்தரமாகும் வரை திங்கள்தோறும் போவேன். அடுத்த முறை மாரியம்மாவும் படி ஏறி வருவதாகச் சொல்லியிருக்கிறார். ரோகினி வேலையை விடவில்லை. அடுத்த திங்களுக்கென்று என் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறாள்.

வாக்கியத்தைத் தனித்தாளில் ஆங்கிலத்தில் எழுதி இணைத்திருக்கிறேன். எழுவாய் "நான்".

நான்காவது. ருமைசா போன் செய்தாள். நெஞ்சு ஆபரேஷனுக்கு நாள் குறித்தும், ஆஸ்பத்திரி வாசல் வரை போய் இரண்டு தடவை திரும்பிவிட்டீர்களாம். ஒரு தடவை தொழுகை நேரம் என்றீர்களாம், ஒரு தடவை செருப்பு கடிக்கிறது என்றீர்களாம். முன்பு லுக்குட்டில் நீங்கள் நடத்திய கடையில் கடன் கேட்டு வந்தவர்களிடம்கூட நீங்கள் இவ்வளவு சாக்குச் சொன்னதில்லை. பாய், அங்கேயும் யாரும் வந்து கூப்பிட மாட்டார்கள். நீங்களாகத்தான் படி ஏற வேண்டும். அடுத்த தொடர் அனுப்புவது என் முறை. ஆனால் இதே தொடருக்கு உங்கள் வாக்கியம் வராமல் நான் எதுவும் அனுப்பப் போவதில்லை. சட்டம் நினைவிருக்கட்டும். நடந்ததாக இருக்க வேண்டும். எழுதுவதற்கு நீங்கள் இருக்க வேண்டும்.

இறைவன் உங்களுக்குத் துணையிருப்பான்.

மறந்துவிட்டேன், மூன்றாவதை எழுதவே இல்லை. முதல் பக்கத்தில் நான் அப்படிக் குறித்தது தவறு. பேனாவால் அடித்துவிடுங்கள்.

என்றும் உங்கள்,
வீரமுத்து