மூன்றாவது சைலன்சர்

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் முதுகுவலி குறைந்ததா? உம்மா நேரத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்களா? எனக்குப் புதுப் பள்ளி பழகிவிட்டது.

செம்பூரில் யாசர் மாமாவின் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பழைய அமெரிக்கக் கார் வந்திருக்கிறது. அதன் சத்தம் கம்பீரமாக இருக்க வேண்டும், ஆனால் அக்கம்பக்கத்தார் திட்டக்கூடாது என்று கார்க்கார சேட் சொல்லிவிட்டார். மாமா மூன்று சைலன்சர்களை மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தார். முதலாவது குரைத்தது. இரண்டாவது நூலகத்தில் பேசுவதுபோல் கிசுகிசுத்தது. மூன்றாவதைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன். தூரத்து மழை மெல்ல நடந்து வருவதுபோல் இருந்தது. கையிலிருந்த புத்தகம்கூட லேசாக அதிர்ந்தது.

"இதுதான் மாமா!"

"எப்படிச் சொல்லுத?"

"யாரோ வீட்டுக்கு வாற மாதிரி இருக்கு."

"சேட்டுகிட்ட இதை இந்தியில எப்படிப் புள்ள சொல்லுவேன்?" என்று மாமா சிரித்தார். ஆனால் சேட்டும் அதையே கேட்டு வாங்கினார்.

அந்தச் சந்தோஷத்தில் சூடான குழாயைத் தொட்டுவிட்டேன். நகமளவு கொப்புளம்தான், அதுவும் இடது கை. உம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

திரும்பும்போது பஸ்ஸில்தான் புரிந்தது, அது நம் வேன் தெருமுனையில் திரும்பும் சத்தம். அதற்குப் புது சைலன்சர் போடப் போகிறீர்களாமே? பெருநாள் லீவுக்கு நான் வரும்வரை பொறுக்க முடியுமா? முடியாவிட்டால், மாற்றுவதற்கு முன் ஒருமுறை நீங்கள் வீட்டுக்கு வரும்போது உம்மாவை வாசலில் நின்று அந்தச் சத்தத்தைப் போனில் பதிவுசெய்து அனுப்பச் சொல்லுங்கள். ஹாரன் மட்டும் அடித்துவிடாதீர்கள்.

டியூஷனுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
ஜோயா