பொம்மைச் சேலையில் அடித்த காற்று

எங்கள் ஊர்க் காதர்பேட்டையில், ஏற்றுமதிக்குத் தேறாத துணி விற்கும் செகண்ட்ஸ் கடையொன்றில் நேற்று குழந்தைகள் பனியன் ஒன்றைப் பார்த்தேன் சார். அதன் நெஞ்சில், சேலை கட்டிய பொம்மை ஒன்று பல்லால் நூலைக் கடித்துக்கொண்டிருந்தது.

"பிரிண்ட்ல கண்ணு கொஞ்சம் கோணலுங்க. மத்தபடி ஒரு குறையும் இல்லீங்க" என்றார் கடைக்காரர்.

"ஆரு பொம்மைங்க இது?"

"ஆரோ வெள்ளக்காரன் படமுங்க."

வருத்தப்படாதீர்கள். நீங்கள் காலமான செய்தி இன்னும் காதர்பேட்டைக்கு எட்டவில்லை.

செக் நாட்டின் அரசு ஸ்டூடியோவில் இளமை முழுவதும் பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்திப் படமெடுத்தவர் நீங்கள். ஆட்சி மாறியது. சுதந்திரம் வந்தது, கூடவே ஸ்டூடியோவுக்குப் பூட்டும் வந்தது. "முன்பு எதை எடுக்கக் கூடாது என்று சொல்ல ஆள் இருந்தது. பிறகு எதையும் எடுக்கலாம், கேமராதான் இல்லை" என்பீர்கள். எங்களிடம் குழந்தைகள் உடை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காகத் தையலைச் சரிபார்க்க, எங்கள் பனியன் கம்பெனி இருக்கும் வீரபாண்டிக்கு வந்து சேர்ந்தீர்கள். எங்கள் கம்பெனியில் சாம்பிள் பிரிவு என் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சாம்பிள் அறை உங்கள் ஸ்டூடியோ ஆனது. கம்பியில் உடம்பு நீங்கள் செய்தீர்கள். கட்டிங் வேஸ்ட் துணியில் சேலை நான் வெட்டினேன். பொம்மைக்கு நடையும் நூல் கடிக்கிற தோரணையும் தந்தவள் எங்கள் டெய்லர் செல்வி, ராமநாதபுரத்துக்காரி. நீங்கள் பொம்மையைத் துளி நகர்த்துவீர்கள். கலைந்த சேலையை அவள் விரல் நுனியால் ஒதுக்குவாள். அப்புறம் ஒரு கிளிக்.

"காலையிலருந்து இந்தப் பிள்ளைய நாலடி நடக்க வச்சிருக்கீக. எங்க சூப்பர்வைசர் பாத்தா உங்களுக்குச் சீட்டுக் கிழிஞ்சிரும்."

சிரித்தீர்கள். படத்தில் தன் பெயர் வருமா என்று கேட்டாள்.

"மூணு பேர் பேரும் வருமுங்க" என்றீர்கள். நீங்கள் கற்ற தமிழில் 'ங்க' மட்டும் பிசகியதே இல்லை.

ஊர் திரும்பிய பின், கடைசிக் காட்சிக்குப் பொம்மை வேண்டும் என்று எழுதினீர்கள். பார்சல் கட்டினேன். சாம்பிள் அனுப்பும்போது சுங்கத்தில் வரி கேட்காமலிருக்க இந்த ஊரில் எல்லாரும் எழுதுவதைக் கைப்பழக்கத்தில் எழுதினேன்: 'இலவச மாதிரி. விலைமதிப்பு இல்லை.'

படம் வந்தது, உங்கள் பெயரோடு மட்டும். பொம்மையின் உருவத்தை அந்த உடைக் கம்பெனிக்கு விற்றும்விட்டீர்கள். அதைப் பனியனில் அச்சடிக்கும் ஆர்டர் எங்களுக்கே வந்தது. இது நியாயமா என்று கேட்டு எழுதினேன். பதில் ஒரே வரி: "இலவச மாதிரி என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?" எங்கள் ஊர் வழக்கத்தை இவ்வளவு சிரத்தையாகக் கற்ற வெளிநாட்டவரை நான் கண்டதில்லை.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் செல்விக்குப் படத்தைப் போட்டுக் காட்டினேன். முடிவில் ஆங்கில எழுத்துகள் ஓடின.

"இதுல எம் பேரு எது சார்?"

"இல்ல செல்வி."

மறுபடி போடச் சொன்னாள். ஓரிடத்தில் பொம்மை அசையாமல் நிற்கிறது, முந்தானை மட்டும் லேசாகத் துடிக்கிறது. வெப்பநாட்டுக் காற்றைப் படத்துக்குள் கொண்டுவந்துவிட்டார் என்று விமர்சகர்கள் உங்களைப் புகழ்ந்த இடம் அது. அதைச் சொன்னேன்.

"காத்தா? ஃபேனக்கூட நிப்பாட்டித்தான வச்சிருந்தோம். அது ஒவ்வொரு கிளிக்குக்கும் எங் கை பட்டது சார்."

அன்றிலிருந்து, எந்தத் துணி அசைந்தாலும் தொட்ட கை எது என்று தேடுகிறேன். நீங்கள் கொடுத்துப்போன நோய் இது. பெயர் போடாததை மறதி என்று எழுதி இந்த மடலை மரியாதையாக முடித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு அசைவையும் நூறு தடவை பார்க்கிறவர் நீங்கள். அந்த முந்தானையைப் பார்த்தபோதெல்லாம் அது யார் விரல் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.